டயாலிசிஸில் இருக்கும் அப்பாவைத் தொடரில் எப்படி எழுதுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். கோவைப் பக்கத்துச் சோமனூரில் எட்டு விசைத்தறி ஓட்டும் குடும்பம். அப்பாவுக்கு 52 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. மனைவி, கட்டிக்கொடுத்த மகள், தறியைப் பார்த்துக்கொள்ளும் மகன். இந்தக் குடும்பத்தை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறீர்கள். மருத்துவம் தப்பாகிவிடக் கூடாது, பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடவும் கூடாது.

முதலில் இரண்டு காட்சிகளை எடுத்துவிடுங்கள். ஒன்று, அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறி விழுவது. சிறுநீரகச் செயலிழப்பு வலிக்காது, வலிப்பது கல். இரண்டு, அறுவை அரங்கத்துக் கதவைத் திறந்து வரும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் தலையை ஆட்டுவது. இந்த நோய் ஒரே நாளில் நடக்கும் சம்பவமில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் முழுக்க ஓடுகிற ஒரு முறை. தறிக்கு ஷிப்ட் இருப்பதுபோல இவர் உடம்புக்கும் ஷிப்ட் வந்துவிடுகிறது. நான் எழுதுவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்: உங்கள் நாடகம் ஐசியூவில் இல்லை, எடைத் தராசிலும் தண்ணீர்ச் சொம்பிலும் இருக்கிறது.

தொடக்கம் எப்படி இருக்கும்? சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழும். காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். பல் விளக்கும்போது குமட்டும், சோறு வேகிற வாசனையே ஆகாது, வாயில் செம்பைக் கடித்த ருசி. பிறகு இருமலும் மூச்சிரைப்பும். தறிக்காரர் வீட்டில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: "பஞ்சுத் தூசிங், அதனால ஆகறது." நெஞ்சுச் சளிக்கு மருந்து வாங்கிக் குடிப்பார். கால் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவார். மாதக்கணக்கில் தினமும் போடுகிற அந்த வலி மாத்திரை மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடைசியில் படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவெல்லாம் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். உங்கள் முதல் வாரத்துக்கு இந்த உட்கார்ந்த தூக்கம் ஒன்றே போதும். நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே, பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு கிரியேட்டினின். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்தபின் அது ஒரு மார்க் மாதிரி ஆகிவிடும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் எட்டு, பத்து என்று நிற்கும். பார்க்க வருகிற எல்லோரும் "இப்ப எத்தனைங்?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து டயாலிசிஸ் தொடங்குவதில்லை. மூச்சு முட்டுகிறதா, பொட்டாசியம் ஏறியிருக்கிறதா, வாந்தி நிற்காமல் போகிறதா, தெளிவு குறைகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

முதல் டயாலிசிஸ் கையில் நடக்காது. முன்பே தயாராகாமல் அவசரமாக வருகிறவருக்குக் கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டுத்தான் தொடங்குவார்கள். தோளுக்கு மேலே இரண்டு வாலோடு தொங்கும் அந்தக் குழாய் நனையக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் உடம்பு தூக்கிப் போட்டுக் குளிர்காய்ச்சல் வந்தால் குழாயில் கிருமி சேர்ந்துவிட்டது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். முதல் தடவை நான்கு மணி நேரம் ஓட்டவும் மாட்டார்கள். இரண்டு மணி நேரம், மெதுவான ஓட்டம். ரத்தத்திலிருந்து யூரியாக் கழிவைச் சட்டென்று இறக்கினால் மூளைக்குள் நீர் ஏறித் தலைவலி, வாந்தி, சில சமயம் வலிப்பு வரைக்கும் போகும். அதனால் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அடுத்து ஃபிஸ்டுலா. மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் சின்ன அறுவை. மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடியும். வலக்கைக்காரருக்கு இடது கையில் செய்வார்கள். அது தடித்து ஊசி தாங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கழுத்துக் குழாய்தான். உங்கள் கதையில் செவ்வாய்க்கிழமை அறுவை முடிந்து வியாழக்கிழமை அந்தக் கையில் டயாலிசிஸ் ஓடினால் அது தப்பு.

ஃபிஸ்டுலாவின்மேல் விரல் வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு இருக்கும், பூனை உறுமுகிற மாதிரி. காதை வைத்தால் சத்தமே கேட்கும். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அதிர்வு நின்றால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தறி வீட்டில் இது ஒரு நல்ல காட்சி. எட்டுத் தறியும் ஓடுகிறபோது திண்ணை, தரை, கட்டில் எல்லாமே அதிரும். விரலுக்கு எது எதன் அதிர்வு என்று பிடிபடாது. கரண்ட் போன அந்த நிமிஷத்தில்தான் மனைவி அவர் மணிக்கட்டில் காதை வைத்துப் பார்க்கிறாள். வசனமே வேண்டாம். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப் ஏற்றக் கூடாது, இறுக்கமான வாட்ச் ஆகாது, நூல் சுற்றிய கனமான பாவு உருளையைத் தூக்கக் கூடாது. இந்தக் கடைசித் தடைதான் ஒரு தறிக்காரரை அவர் பட்டறையிலேயே விருந்தாளி ஆக்குகிறது.

இனி மெஷின். ஊசி இரண்டு, ரத்தப் பரிசோதனை ஊசியைவிட நன்றாகத் தடிமன். ஒன்றில் ரத்தம் வெளியே போகும், மற்றதில் திரும்பி வரும். நிமிஷத்துக்கு 250 முதல் 300 மில்லி ஓட்டம். எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது ஒரு டம்ளர் அளவு ரத்தம்தான். அதுவே சுற்றிச் சுற்றி நான்கு மணி நேரத்தில் 60, 70 லிட்டர் வடிகட்டிக்குள் போய் வருகிறது. வடிகட்டியின் மறுபக்கம் நிமிஷத்துக்கு 500 மில்லி திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர். நாள் முழுக்க 800 மில்லிக்குள் வாயைக் கட்டுகிற மனிதருக்குப் பக்கத்தில் 120 லிட்டர் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அதை அவர் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். இதை நீங்கள் எழுதாமல் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

மெஷின் அடிக்கடி கத்தும். தொடர்களில் பீப் சத்தம் வந்தால் சாவு. டயாலிசிஸ் அறையில் பீப் வந்தால் பெரும்பாலும் கையை மடக்கிவிட்டார் என்று அர்த்தம். டெக்னீசியன் ஓடி வர மாட்டார்; நடந்து வந்து கையை நேராக வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணைக்கூடத் திறக்க மாட்டார். இதை ஒரு தடவை சரியாகக் காட்டினாலே, விஷயம் தெரிந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உங்கள் தொடரை நம்பும்.

இப்போது தராசு. டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது, கிளம்புமுன் கடைசி வேலையும் அதுதான். உடம்பில் மிகைநீர் இல்லாமல் இருக்கும் எடையை உலர் எடை என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அது 58 கிலோ என்று வையுங்கள். சிறுநீர் குறைந்த பிறகு குடிக்கிறதெல்லாம் உள்ளேயே தங்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. எடுக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு: ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லி. 58 கிலோவுக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர். அதற்குமேல் இழுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும், கண் இருட்டும், கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், இதயமும் மெல்லக் கெடும்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் கல்யாணம், திங்கள் காலை இவர் தராசில் ஏறுகிறார். 62 கிலோ 600 கிராம்.

"அண்ணா, நாலரைக் கிலோ ஏறியிருக்குதுங்களே."

"மோரு ரெண்டு டம்ளருங், வேற ஒண்ணுமில்லீங்."

மனைவி எதுவும் சொல்லாமல் அவர் கழற்றிப் போட்ட செருப்பை ஓரமாக நகர்த்தி வைக்கிறாள். அவளுக்குத் தெரியும், நேற்று அவள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவர் குழாயடிப் பக்கம் போனது. மூன்றாவது மணி நேரத்தில் காலைப் பிடித்துக்கொள்ளும். "யாத்தே" என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்கும். டெக்னீசியன் நீர் இழுப்பதை நிறுத்தி, தலைப்பக்கம் தாழ்த்தி, நூறு இருநூறு மில்லி சலைன் விடுவார். காலைப் பாதத்திலிருந்து மேல்நோக்கி மடக்கிப் பிடிப்பார். நாளை மறுபடி வரச் சொல்வார். அதாவது இன்னொரு நாள் தறி, இன்னொரு நாள் பஸ், இன்னொரு நாள் துணைக்கு வருகிறவரின் கூலி. ஒரு சொம்புத் தண்ணீருக்கு இவ்வளவு விலை. அந்த வீட்டில் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தண்ணீர்க் கணக்கு எளியது: நேற்றுப் போன சிறுநீர், அதோடு 500 மில்லி. 300 மில்லி போனால் இன்று 800. காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள். கணக்குத் தவறாமல் இருக்க ஒரு வழி: காலையில் 800 மில்லி பாட்டிலில் பிடித்து வைப்பது, காபி குடித்தால் அந்த அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவது. சாயங்காலம் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியும். தாகத்தைத் தூண்டுவது உப்புதான். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பேக்கரிப் பண்டம் இவற்றைக் கட்டாமல் தண்ணீரை மட்டும் கட்டச் சொல்வது கொடுமை. உப்புக்குப் பதில் என்று விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பு இன்னும் ஆபத்து. சோடியத்தைக் குறைத்த இடத்தில் சேர்ப்பது பொட்டாசியம்; அது ரத்தத்தில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும்.

கொங்கு வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்றால், வாசலில் கால் வைத்தவருக்கு முதலில் நீட்டுவது தண்ணீர்ச் சொம்பு. வாங்கி ஒரு வாயாவது குடிக்காவிட்டால் மரியாதையில்லை. "ஏனுங் மாமா, எங்கூட்டுத் தண்ணி கூட ஆகாதுங்களா?" என்று ஒரு மருமகள் சிரித்துக்கொண்டே கேட்டால் இவர் என்ன செய்வார்? ஒவ்வொரு வீட்டிலும் நோயைச் சொல்லிக்கொண்டிருப்பாரா, குடித்துவிடுவாரா? நான்கு வீடு ஏறி இறங்கினால் அரை லிட்டர்.

பார்க்க வருகிறவர்களும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பொள்ளாச்சி இளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம், சாத்துக்குடி. மூன்றும் பொட்டாசியம். இளநீரில் 100 மில்லிக்கு 200, 250 மில்லிகிராம் இருக்கும். ஒரு காய் குடித்தால் ஒரு நாளைக்கு அவருக்கு அனுமதித்த அளவில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும். "கிட்னிக்கு இளநி நல்லதுங்" என்ற பேச்சு கல் இருப்பவருக்குப் பொருந்தலாம், இவருக்கு விஷம். கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு, நாட்டுச் சர்க்கரை, கொள்ளு எல்லாமே பார்த்து அளந்துதான். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் குறையும். அரிசிம்பருப்புச் சாதத்தை அறவே விட வேண்டியதில்லை. பருப்பின் அளவைக் குறைத்து, தக்காளி இல்லாமல் செய்யலாம். இன்னொரு தப்பு பரவலாக இருக்கிறது: டயாலிசிஸ் தொடங்கியபின்னும் புரதத்தைக் கட்டிப் பட்டினி போடுவது. தொடங்கும் முன் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கியபின் கூட்டச் சொல்வார்கள், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம், அதற்குச் சற்று மேல். முட்டை வெள்ளைக்கரு நல்லது. உங்கள் அம்மா கதாபாத்திரம் சைவம் என்றால், அவள் முதல்முறை முட்டை வேகவைக்கிற காட்சி ஒன்று எழுதுங்கள்.

பொட்டாசியம் ஏறிப்போன சாவில் வசனம் கிடையாது. கால் கனத்துப்போகும், படி ஏற முடியாது, ஒரு மாதிரி தளர்ச்சி. பிறகு இதயம் நின்றுவிடும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி வருவதால் அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் ஆபத்து அதிகம். சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஈசிஜி பார்த்து, நரம்பில் கால்சியம் கொடுத்து, இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றி, டயாலிசிஸில் போடுவார்கள். பிழைத்துக்கொள்வார். நீங்கள் ஒரு துணைப் பாத்திரத்தை இழக்க வேண்டுமென்றால், பக்கத்துக் கட்டில்காரர் ஒரு திங்கட்கிழமை வராமல் போகட்டும். அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ரத்ததானக் காட்சி எழுதும் ஆசை வரும், ஊரே திரண்டு ரத்தம் கொடுக்கிற மாதிரி. வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் எண்ணம் உள்ளவருக்கு முடிந்தவரை ரத்தம் ஏற்றாமல் பார்ப்பார்கள். பிறர் ரத்தத்துக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் பின்னால் பொருத்தம் கிடைப்பதைக் கெடுத்துவிடும். ரத்தசோகைக்குத் தோலுக்கடியில் எரித்ரோபாய்ட்டின் ஊசியும், நரம்பில் இரும்புச் சத்தும்தான்.

செலவைப் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸ் அடக்கம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. ஆகவே "பணமில்லாமல் டயாலிசிஸ் நின்றுபோனது" என்று நேராக எழுதாதீர்கள். காசு கரைவது வேறு வழியில்: போக்குவரத்து, மருந்து, வாரத்தில் மூன்று நாள் ஓடாத தறி. சிலர் வாரத்துக்கு மூன்று டயாலிசிஸை இரண்டாக்கிக்கொள்வது இதனால்தான்.

வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் முறையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மென்குழாய். இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து வடித்து, புதிது விடுவது. நாளுக்கு மூன்று, நான்கு தடவை. தறி நிற்காது, பஸ் வேண்டாம். ஆனால் மாற்றுகிற அரை மணி நேரம் கதவு ஜன்னல் சாத்தி, விசிறியை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, முழங்கைவரை கை கழுவ வேண்டும். பஞ்சு பறக்கிற வீட்டில் அதற்கென்று ஒரு அறை ஒதுக்காமல் நடக்காது. வடிந்த திரவம் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கி வந்தால் வயிற்றுக்குள் கிருமி. அன்றே போக வேண்டும். ஒரு மாதத்துக்குத் தொண்ணூறு பைக்குமேல், எடை 180 கிலோ தாண்டும். அதை எங்கே அடுக்குவது என்று மகனும் அம்மாவும் பேசுவதே ஒரு காட்சி, ஏனென்றால் பாவு நூல் அடுக்கிய அறையைத்தான் காலி செய்ய வேண்டியிருக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்தை ஒரே எபிசோடில் முடித்துவிடுகிறார்கள். யாரோ ஒருவர் "நான் தர்றேன்" என்கிறார், அடுத்த காட்சியில் இரண்டு ஸ்ட்ரெச்சர் போகிறது. உண்மையில் ரத்த வகை, திசுப் பொருத்தம், இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் குறுக்குப் பொருத்தம், கொடுப்பவரின் சிறுநீரக ஸ்கேன், ரத்தக்குழாய் ஸ்கேன் என்று வாரங்கள், மாதங்கள் ஆகும். 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்லும் நெருங்கிய உறவு: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். வேறு யார் கொடுப்பதானாலும் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். காசுக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் விலைபோன செய்தி வெளியாகி அரசு விசாரணை நடந்தது. உங்கள் கதையில் வரும் அதே தொழில், அதே கொங்குப் பகுதி. புரோக்கர் ஒருவர் வந்துபோகிற காட்சியை நீங்கள் எழுதத்தான் வேண்டும். ஆனால் விற்ற தறிக்காரரின் வீட்டுப் பக்கமிருந்தும் காட்டுங்கள்.

யார் கொடுப்பது என்ற கேள்விதான் உங்கள் கதையின் நடுமையம். கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: அம்மா, மனைவி. மகனிடம் யாரும் கேட்பதே இல்லை, "அவன் தறி ஓட்டோணுமே". மகள் கொடுக்க முன்வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? சட்டப்படி யாருடைய அனுமதியும் இல்லாமல் அவள் மறுக்கலாம். மறுக்க நினைக்கிறவரை மருத்துவக் குழு தனியாக வைத்துப் பேசும். விருப்பமில்லை என்று தெரிந்தால் "இவர் உடம்புக்குப் பொருந்தாது" என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லும் வழக்கமும் உண்டு. அந்த மூடிய அறைக்குள் மகனை உட்கார வையுங்கள். வெளியே அம்மா மஞ்சப்பையை மடியில் வைத்துக் காத்திருக்கட்டும். இருவருக்கு மட்டும் தெரிந்த உண்மை இருபது எபிசோடுக்குத் தாங்கும்.

இறந்தவரிடமிருந்து பெறுவதற்குத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து காத்திருக்க வேண்டும். ராத்திரி போன் வரும், ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பி வரச் சொல்வார்கள். ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவருக்கு மேல் கூப்பிட்டுப் பொருத்தம் பார்ப்பது உண்டு. பொருந்தாதவர் விடியற்காலையில் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்புவார், காலை ஷிப்ட் டயாலிசிஸ் காத்திருக்கும். பொருத்திய பிறகும் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைப்பார்கள். புதியதை உடம்பு ஏற்க மறுக்காமலிருக்க 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, அது வேலை செய்யும் காலம் முழுக்க. கை நடுங்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். நூல் அறுந்தால் கோத்து முடிச்சுப் போடும் விரல் நடுங்குவதைக் கிட்டத்தில் காட்டலாம்.

படப்பிடிப்புக்கு முன் அனுமதி வாங்கி ஒரு டயாலிசிஸ் பிரிவில் ஒரு முழு ஷிப்ட், எடை பார்ப்பதிலிருந்து எடை பார்ப்பது வரை, நடிகரும் ஒப்பனைக்காரரும் உட்கார்ந்திருக்கட்டும். ஊசி எடுத்தபின் பத்து நிமிஷம் பஞ்சை அழுத்திப் பிடிப்பது, இரவில் தூங்கவிடாத அரிப்பால் முதுகில் விழுந்த நகத் தடங்கள், கறுத்து வறண்ட தோல், வருடக்கணக்கில் குத்திக் குத்தித் தடித்த நரம்பு எல்லாம் பார்க்க வேண்டும். ஃபிஸ்டுலா இடது கை என்று ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். நாற்பதாவது எபிசோடில் நர்ஸ் வேடம் போட்டவர் பிரஷர் பட்டையை அந்தக் கையில் சுற்றினால், டயாலிசிஸ் அறையில் படுத்துக்கொண்டு தொடர் பார்க்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் "அந்தக் கையில வேண்டாமுங்" என்பார்கள்.